அலுமாரி டிவிடிகள்: எதை முதலில் காப்பாற்றுவது, பிறகு எப்படிப் பார்ப்பது

திருகோணமலையில் 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு நடந்த கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், நவராத்திரிக் கும்பம் எதுவாக இருந்தாலும் அதன் பதிவு பெரும்பாலும் ஒரு டிவிடியில்தான் இருக்கிறது. அதற்கு முந்தியவை டெக் கசெட்டில் இருந்து, பின்னர் கடையில் கொடுத்து டிவிடிக்கு மாற்றப்பட்டவை. கசெட்டைப் பலர் அப்போதே எறிந்துவிட்டார்கள். ஆக, பல வீடுகளில் ஒரு குடும்பத்தின் இருபது வருடக் காணொளி முழுவதும் அலுமாரியின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறைகளுக்குள் அடைந்து கிடக்கிறது.

இப்போது அதை எடுத்துப் போட்டுப் பார்க்க முனைபவர்களுக்கு மூன்று சிக்கல்கள் ஒன்றாக வருகின்றன. புது மடிக்கணினியில் டிவிடி போடும் இடமே இல்லை. பழைய பிளேயர் வட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளுகிறது. கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றினால், தொலைக்காட்சியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

ஏன் இப்போது அவசரம்

டிவிடி 1996 நவம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதைச் சுற்றியிருந்த தொழில் கடந்த சில ஆண்டுகளாகக் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மைக்ரோசொப்ட் 2012இல் வெளியிட்ட விண்டோஸ் 8 முதலே டிவிடிப் படம் பார்க்கும் வசதியை விண்டோஸுடன் சேர்த்துத் தருவதை நிறுத்திவிட்டது. வீடியோ டெக் தயாரித்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை முடித்தது. டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பித்தான் நெட்பிளிக்ஸ் தொழிலைத் தொடங்கியது. அந்தச் சேவையை அது 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. பதிவுசெய்யக்கூடிய புளூரே வட்டுகளையும், வீடியோக் கமராவில் போடும் மினிடிவி என்ற சிறு கசெட்டுகளையும் தயாரிப்பதை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது.

இந்தக் கடைசிச் செய்தி நம் ஊருக்கு அதிகம் தொடர்புடையது. 2000களில் கலியாணப் படம் பிடித்த வீடியோக்காரர்கள் பலர் மினிடிவி கசெட்டில்தான் பதிந்தார்கள். பிறகு அதைத் தொகுத்து டிவிடியில் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு டிவிடி மூலப்பிரதியே அல்ல, அது சுருக்கிய பிரதி. மினிடிவியில் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி இடம் எடுக்கும். அதே ஒரு மணி நேரம் டிவிடியில் இரண்டு, இரண்டரை ஜிபிக்குள் அடங்கிவிடும். அந்த வீடியோக்காரர் இன்னும் தொழிலில் இருந்து, கசெட்டையும் வைத்திருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பு வீண்போகாது. கசெட்டை ஓட்டும் கமரா இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைப்பது நிச்சயமில்லை.

ஒரு டிவிடிக்குள் என்ன இருக்கிறது

டிவிடி 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. தரவு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சீடியில் அப்படி அல்ல, தரவு எழுத்துப் பக்கத்துக்கு நேர் கீழே கிடக்கும். அதனால்தான் சீடியின் மேல்பக்கம் கீறினால் கதை முடிந்தது. டிவிடி அந்த வகையில் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். ஆனால் ஒட்டுப் பிரிந்து, விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போனால் அதற்கும் விமோசனம் இல்லை.

ஒரு படலம் உள்ள டிவிடியில் 4.7 ஜிபியும் இரண்டு படலம் உள்ளதில் 8.5 ஜிபியும் பிடிக்கும். கணினி 4.7 ஜிபி வட்டை 4.38 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது எண்ணும் முறையில் வரும் வித்தியாசம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

1. அச்சடித்த வட்டு. திரைப்பட நிறுவனங்கள் தொழிற்சாலையில் செய்வது. தரவு பிளாஸ்டிக்கில் குழிகளாகவே அச்சாகி, மேலே அலுமினியம் பூசப்பட்டிருக்கும். அடிப்பக்கம் வெள்ளியாகவோ தங்க நிறமாகவோ தெரியும்.

2. எழுதிய வட்டு. கடையில், வீட்டுக் கணினியில், வீடியோக்காரரின் ஸ்டூடியோவில் லேசரால் எழுதியது. இதில் குழி கிடையாது. உள்ளே ஒரு சாயப் படலம் இருக்கிறது, லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் ஊதா அல்லது நீலச் சாயல் தெரியும்.

குழி மறையாது. சாயம் மங்கும். வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில், வட்டுகளை நீண்டகாலம் வைக்க 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதமும் சொல்லப்பட்டிருக்கிறது. திருமலையின் (திருகோணமலையின்) ஆண்டுச் சராசரி வெப்பமே 28 பாகையை ஒட்டியது. வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரை வீட்டின் அலுமாரிக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே அலுமாரி ஈரம் ஊறும். வருடா வருடம் காய்ந்து நனையும் சாயம் பதினைந்து, இருபது வருடம் தாக்குப்பிடித்திருந்தால் அதுவே பெரிய விஷயம்.

முடிவு வெளிப்படை. கடையில் வாங்கிய அசல் திரைப்பட டிவிடி உங்களை விட நெடுநாள் வாழலாம். அந்தப் படம் வேறு இடத்திலும் கிடைக்கும். உங்கள் அம்மாவின் அறுபதாம் கலியாணம் எழுதிய வட்டில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. ஆனால் நடைமுறையில் பலர் செய்வது தலைகீழ். பழைய சினிமாப் படங்களை முதலில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, வீட்டுப் படங்களை "ஆறுதலாகப் பார்ப்போம்" என்று ஒதுக்கி வைப்பார்கள்.

பிளேயரில் ஓடுகிறது, கணினியில் ஓடவில்லை (அல்லது மறுபக்கம்)

வட்டு பழுதாகாமலே ஓடாமல் போகச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, மூடப்படாத வட்டு. டிவிடி ரெக்கோடரிலோ, 8 சென்ரிமீற்றர் குட்டி வட்டு போடும் கமராவிலோ பதிந்தால், கடைசியில் "ஃபைனலைஸ்" என்று ஒரு கட்டளை கொடுத்து வட்டை மூட வேண்டும். கொடுக்காவிட்டால் பதிந்த கருவியைத் தவிர மற்றவற்றுக்கு அது வெறும் வட்டுப் போலத் தெரியலாம். தரவு உள்ளேதான் இருக்கிறது. பதிந்த கருவி கிடைத்தால் அதிலேயே மூடலாம். கிடைக்காவிட்டால், ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் வட்டை நேரடியாகப் படித்து எடுக்கும். "வெறும் வட்டு" என்று கணினி சொல்கிறதே என்று அதில் புதிதாக எதையும் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகளின் விவகாரம். இலங்கையில் தொலைக்காட்சி பால் முறை. திரையில் 576 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. 480 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நம் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்குள்ள பிளேயர்கள் பல பாலை ஓட்டாது. திருமலையில் எடுத்த கலியாண டிவிடி ரொரன்ரோவில் உள்ள அண்ணன் வீட்டில் கறுப்பு வெள்ளையாக உருண்டதற்கு இதுதான் காரணம், வீடியோக்காரர் மேல் பழி இல்லை. கணினிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல.

மூன்றாவது, வலய எண். திரைப்பட நிறுவனங்கள் உலகத்தை வலயங்களாகப் பிரித்து விற்றன. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. லண்டனிலிருந்து வந்த அசல் டிவிடி இங்கே ஓட மறுத்தால் இதுவாக இருக்கலாம். கணினியின் டிவிடி டிரைவில் இந்த எண்ணை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். சும்மா சோதித்துப் பார்க்க மாற்ற வேண்டாம். வீட்டு டிவிடிகளில் வலயமும் கிடையாது, பூட்டும் கிடையாது.

பூட்டும் சட்டமும்

திரைப்பட டிவிடிகளில் இருக்கும் பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். 40 பிட் திறவுகோல் கொண்டது, இன்றைய கணக்கில் மிகச் சிறியது. 1999இல் அது உடைந்தது. அதில் பங்கெடுத்த யோன் லெக் யொஹான்சன் என்ற நோர்வே இளைஞர் மேல் வழக்குப் போட்டார்கள். 2003இல் அடுத்தடுத்து இரண்டு நீதிமன்றங்கள் அவரை விடுதலை செய்தன. அவர் தன் சொந்த டிவிடியைத் தன் கணினியில் பார்ப்பதில் குற்றமில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய வட்டாக இருந்தாலும் பூட்டை உடைப்பது தனியாக ஒரு மீறல். பிரித்தானியா 2014 ஒக்டோபரில் சொந்தப் பாவனைக்குக் கொப்பி எடுக்க அனுமதித்தது. அடுத்த யூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை இரத்துச் செய்தது. லண்டனில் உள்ள மச்சான் சொல்வதும் ரொரன்ரோ அண்ணன் சொல்வதும் நமக்குப் பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இலங்கையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு தனி ஆள், சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரு கொப்பி எடுக்கலாம் என்று அது இடம் வைக்கிறது. கணினி மென்பொருள், முழுப் புத்தகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. "சட்டப்படி பெற்ற பிரதி" என்ற சொற்களைக் கவனியுங்கள். சந்தையில் நடைபாதையில் வாங்கிய, ஒரே வட்டில் ஐந்து படம் ஏற்றிய டிவிடி அந்தக் கணக்கில் வராது. எடுத்த கொப்பியை நண்பர்களுக்கு விநியோகிப்பதும் சொந்தத் தேவை ஆகாது.

என் அபிப்பிராயம், சினிமா டிவிடிக்காக இந்தத் தலையிடி தேவையில்லை. அசல் வட்டு கையில் இருந்தால் அது அப்படியே ஓடும் வரை ஓடட்டும். நேரத்தை வீட்டு வட்டுகளுக்குச் செலவழியுங்கள். அங்கே பூட்டும் இல்லை, சட்டச் சிக்கலும் குறைவு.

கொப்பி எடுக்கும் முறை

இரண்டு வகைக் கொப்பி இருக்கிறது. ஒன்று காப்புக் கொப்பி, வட்டில் உள்ளதை ஒரு பிட் மாறாமல் அப்படியே எடுத்து வைப்பது. மற்றது பார்க்கும் கொப்பி, கைத்தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் இலகுவாக ஓட வடிவம் மாற்றியது. கடைகளில் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் தருகிறார்கள். மாற்றும்போது தரம் குறையும், குறைந்தது திரும்பி வராது. ஆகவே எப்போதும் காப்பு முதலில், மாற்றுவது பிறகு.

1. யூ.எஸ்.பி.யில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், அல்லது பழைய மேசைக் கணினி உள்ளவரிடம் போங்கள். வேறு செலவு பெரிதாக இல்லை.

2. வட்டை மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே நீளமாகப் போகும். டிவிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு, குறுக்காக விழும் சிறு கீறலைத் தாண்டிவிடும். நீளக் கீறல் அந்த ஏற்பாட்டையே விழுங்கிவிடும். பற்பசை பூசித் தேய்க்கும் வைத்தியம் கடைசிக் கட்டத்துக்கு மட்டும், அதுவும் கொப்பி எடுக்க எல்லா வழியும் பார்த்த பிறகு.

3. வட்டைத் திறந்தால் உள்ளே "வீடியோ டிஎஸ்" என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் "விஓபி" என்று முடியும் கோப்புகள்தான் படமும் சத்தமும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கும். பூட்டில்லாத வட்டென்றால் அந்தக் கோப்புறையை முழுதாக இழுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டாலே காப்பு ஆயிற்று. இதைவிட நல்லது, முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. இம்க்பேர்ன் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். வட்டின் தலைப்புப் பட்டியலும் அத்தியாயப் பிரிப்பும் அப்படியே கிடைக்கும், வி.எல்.சி என்ற இலவச மென்பொருள் அதை வட்டுப் போலவே ஓட்டும்.

4. கோப்புக்குப் பெயர் வையுங்கள். ஆண்டு, நிகழ்வு, இடம் மூன்றும் இருக்கட்டும். "டிவிடி 1", "டிவிடி 2" என்று வைத்தால் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

5. கொப்பியின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். டிவிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படுகிறது. ஈரமும் விரல் அடையாளமும் முதலில் தாக்குவது வெளி விளிம்பை. முழுதாக எழுதிய ஒரு படல வட்டில் தாலி கட்டும் காட்சி நன்றாக இருக்கும், மாலை வரவேற்பு கட்டம் கட்டமாக உடையும்.

கணினி நடுவழியில் பிழை காட்டி நின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். முதலில் வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் தள்ளிவிடும் வட்டை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும், லேசரின் வலுவும் சரிவும் கருவிக்குக் கருவி மாறும். அதுவும் சரிவராவிட்டால் டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிடும். முடியாதவற்றைக் குறித்து வைத்து, அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். வேறு டிரைவில் அதே வேலையைத் தொடரவும் விடும்.

இன்னொரு வழி நம்மவர்களுக்கே வாய்த்தது. கலியாண வீடியோ எப்போதும் ஒரு பிரதி மட்டும் அடிப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பொம்பிளை வீட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு இரண்டு மூன்று என்று போயிருக்கும். கனடாவில் குளிர்ந்த, காய்ந்த அறையில் கிடந்த வட்டு, உவர்மலையிலோ உப்புவெளியிலோ உப்புக் காற்றில் கிடந்ததைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால், ஒன்றில் பழுதான பகுதியை மற்றதிலிருந்து எடுத்து டிடிரெஸ்கியூ நிரப்பிவிடும். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் கேட்டுப் பாருங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், வழியில் சுருங்கிவிடும். ஐஎஸ்ஓ கோப்பை கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் ஏற்றி இணைப்பை அனுப்பட்டும். அங்கே 15 ஜிபி இலவசம், மூன்று வட்டுப் பிடிக்கும்.

பார்க்கும் கொப்பி

டிவிடியில் உள்ள காணொளி எம்பெக் 2 என்ற பழைய சுருக்கு முறையில் இருக்கிறது. அதன் பின் 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏவி1 என்று புதியவை வந்தன. ஒவ்வொன்றும் அதே தரத்தைக் குறைந்த இடத்தில் அடக்கும். எம்பி4, எம்கேவி என்பவை சுருக்கு முறைகள் அல்ல, காணொளி, ஒலி, எழுத்து எல்லாவற்றையும் போட்டுக் கட்டும் உறைகள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் "எம்பி4தானே, ஏன் ஓடவில்லை" என்ற கேள்வி வருகிறது. உறை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது தொலைக்காட்சிக்குத் தெரியாத சுருக்கு முறையாக இருக்கலாம்.

சத்தம் வராததற்கும் இதே காரணம். டிவிடியில் ஒலி பெரும்பாலும் டொல்பி டிஜிட்டல் என்ற ஒலிச் சுருக்கு முறையிலும் சிலவற்றில் டிடிஎஸ் முறையிலும் இருக்கும். தொலைக்காட்சியில் அதற்கான உரிமம் இல்லாவிட்டால் படம் மட்டும் வரும். மாற்றும்போது ஒலியை ஏஏசி என்ற முறையில் வைத்தால் ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் கேட்கும்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். பூட்டு உள்ள வட்டை அது தானாகத் திறக்காது, ஆனால் வீட்டு வட்டுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அமைப்புகளில் நான் வற்புறுத்துவது சில.

எச்.264, எம்பி4, தர எண் 18 முதல் 20க்குள். எண் கூடினால் தரம் குறையும், தலைகீழ்க் கணக்கு. பழைய தொலைக்காட்சியும் வயதானவர்களின் கைத்தொலைபேசியும் எச்.264ஐ மறுக்காது. எச்.265 இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் மாமா வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடாவிட்டால் மிச்சம் பிடித்து என்ன பயன்?

நொடிக்கு 25 படம் என்பதை 30 ஆக்காதீர்கள், நடை தடங்கும். பழைய வீடியோக் கமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாகப் பதிந்தன. குழாய்த் தொலைக்காட்சியில் அது தெரியாது. இன்றைய திரையில் யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். ஹேண்ட்பிரேக்கில் "டிஇன்டர்லேஸ்" என்ற தெரிவு அதைச் சரிசெய்யும். காப்புக் கொப்பியில் அந்தப் பாதிகள் அப்படியே இருக்கட்டும், நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரலாம்.

அப்புறம், அகலம். பழைய படங்கள் 4:3. அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிடுகிறார்கள். மணமக்கள் இருவரும் குள்ளமாகவும் குண்டாகவும் தெரிகிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். 576 கோட்டை 1080 ஆக்கி "எச்டி கொப்பி" என்று காசு வாங்கும் சேவையும் அதே ரகம். இல்லாத விபரத்தை யாரும் உருவாக்கித் தர முடியாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முகத்தைத் தெளிவாக்குவது போலத் தோன்றும், ஆனால் அது ஊகித்து வரைந்த முகம். பார்க்கும் கொப்பியில் விளையாடிப் பார்க்கலாம், காப்பில் வேண்டாம்.

வீட்டில் பார்ப்பது

பென் டிரைவில் போட்டு தொலைக்காட்சியில் செருகுவது எளிது. அதில் ஒரு பொறி இருக்கிறது. பென் டிரைவ் பல ஃபட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் பழைய முறையில் வருகின்றன, அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. 64 ஜிபி பென் டிரைவில் 5 ஜிபிப் படம் "இடமில்லை" என்று மறுக்கப்பட்டால் இதுதான் விஷயம். எக்ஸ்ஃபட் முறைக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

அடிக்கடி பார்ப்பவர்களுக்கு ஜெலிஃபின் நல்லது. ஒரு பழைய கணினியில் இந்த இலவச மென்பொருளைப் போட்டு, எல்லாக் கோப்பையும் அதில் வைத்தால், வீட்டு வைஃபையில் உள்ள தொலைக்காட்சி, கைத்தொலைபேசி எல்லாவற்றிலும் பட்டியல் போட்டுக் காட்டும். இங்கே பலர் கேட்பது, "டேட்டா போகுமா?" போகாது. கணினியிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு, அவ்வளவுதான். இணைய இணைப்பே அறுந்தாலும் ஓடும்.

இணையச் சேவையில் பார்ப்பது வேறு கணக்கு. முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கேக்கு 15 மெகாபிட்டும் வேண்டும் என்று நெட்பிளிக்ஸ் சொல்கிறது. எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகலாம். இரண்டு மணி நேரப் படம் ஒன்று 4.7 ஜிபி டிவிடியை விடவும் பெரிதாகிவிடலாம். கைத்தொலைபேசிப் பொதியில் பார்ப்பவர்கள் சேவையின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

டிஜிட்டலாகப் படம் "வாங்குவது" பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது படம் அல்ல, பார்ப்பதற்கான அனுமதி. நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் முடிந்தால் அது உங்கள் பட்டியலிலிருந்து மறையலாம். கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, 2025 தொடக்கத்திலிருந்து விற்பவர்கள் இதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றாக்கியது. அசல் டிவிடியை எறியாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

எங்கே வைப்பது

ஒரு படல டிவிடி நூறை முழுதாகக் காப்பெடுத்தால் அதிகபட்சம் 470 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பாதிக்கும் குறைவு. இடம் பிரச்சினையே அல்ல. ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பிரச்சினை. கீழே விழுந்தால், மின்சாரம் வெட்டி வரும்போது ஏறி இறங்கினால், நூறும் ஒரே நொடியில் போகும். டிவிடியில் இருந்தபோது ஒன்று ஒன்றாகத்தான் போயின.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற விதியைப் பலர் பின்பற்றுகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வீட்டுக்கு இதை இப்படிக் கொண்டுவரலாம்:

1. வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க். கொப்பி எடுக்கும்போதும் பார்க்கும்போதும் மட்டும் செருகுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் மின்னலும் வைரஸும் அதையும் பிடிக்கும்.

2. பழைய டிவிடிகளே இரண்டாவது வகைச் சாதனம். கொப்பி எடுத்தாயிற்று என்று எறிய வேண்டாம். உறையில் நிறுத்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றுடன் மூடும் டப்பாவில் போடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும், ஒட்டும் சுருங்கி இழுக்கும்.

3. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வேறு ஊரில். 2004 டிசெம்பர் 26 அன்று நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரையோர வீடுகளில் அல்பமும் கசெட்டும் ஒன்றாகத்தான் போயின. அடுத்த தெருவில் உள்ள சித்தி வீடு "வேறு இடம்" ஆகாது. கண்டியிலோ வவுனியாவிலோ உள்ள உறவு, அல்லது வெளிநாட்டில் உள்ளவர் பொருத்தம். வருபவரிடம் கொடுத்தனுப்பினால் தபால் செலவும் இல்லை. அந்தரங்கமான பதிவுகள் இருந்தால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், அந்தச் சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை தரவை மின்னேற்றமாக வைத்திருக்கின்றன, நெடுநாள் செருகாமல் கிடந்தால் அது கசியும், வெக்கையில் வேகமாகக் கசியும். கொண்டுபோய்க் கொடுக்க நல்லது, வைத்திருக்க அல்ல.

யூடியூப்பில் ஏற்றி வைத்திருக்கிறேனே என்பவர்கள் கவனிக்க: அங்கே படம் மறுபடி சுருக்கப்படுகிறது. கலியாண வீடியோ என்றால் பின்னணியில் சினிமாப் பாட்டு இல்லாமல் இருக்காது. பாட்டின் உரிமையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு 2007 முதலே அங்கு இருக்கிறது, சத்தத்தை அடக்கும், சில சமயம் முழு வீடியோவையும் தடுக்கும். உறவினருக்குக் காட்ட ஏற்றலாம், காப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்குவதற்கு முன் புரட்டாசியில், ஹார்ட் டிஸ்கைச் செருகி இரண்டு மூன்று கோப்பை ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் டிஸ்க் சுழலும் சத்தம் மாறினாலோ, கோப்பைத் திறக்க வழக்கத்துக்கு மேல் நேரம் எடுத்தாலோ, அன்றைக்கே புதியதொன்றுக்கு மாற்றிவிடுங்கள்.